டப்பா அக்காவின் கரண்டி

சாப்பாடு வாங்குவதுதான் என் வேலை என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் என் இடுப்பைப் பார்ப்பார்கள். இரண்டும் எனக்குப் பழகிவிட்டது. நான் மிஸ்டரி ஷாப்பர். சாதாரண வாடிக்கையாளர் மாதிரி வேஷம் போட்டுக் கடைக்குள் போய், வாங்கி, அளந்து பார்த்து, கடையில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் அவர்களுடைய தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை எழுதுகிறவள். போலீஸ் வேலைக்கு ஆசைப்பட்டு உயரம் போதாமல் திரும்பி வந்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எங்கே கிடைக்கும்?

ஆறு வருடமாக என் பொறுப்பில் இருந்தது ஒரே நிறுவனம். பவுல் விற்கிற கடை, நகரத்தில் பதினான்கு கிளைகள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாம் நகர்ந்துகொண்டே போக, அந்தப் பக்கம் அவர்கள் அட்டைக் கிண்ணத்தில் சோறு, பயறு, வதக்கிய காய்கறி, சுட்ட கோழி, கடைசியில் சாஸ் என்று போட்டுக்கொண்டே வருவார்கள். சுவரில் இருக்கும் பலகையில் ஒவ்வொரு பவுலுக்கும் எத்தனை கலோரி என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதன் கீழே பச்சை நிறத்தில் ஒரு முத்திரை: ‘அளவு உண்மை. வெளியாரால் சரிபார்க்கப்பட்டது.’ அந்த வெளியார் நான்தான். கடைக்குள் போகும்போதெல்லாம் அந்த முத்திரையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொள்வேன். கர்வம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

வேலைக்கென்று ஒரு கையேடு உண்டு. சாஸைச் சோற்றின் மேல் ஊற்றிவிட்டால் எதையும் தனியாக எடை போட முடியாது என்பதால் எல்லாவற்றையும் தனித்தனி டப்பாவில் கேட்டு வாங்க வேண்டும். கட்டாயம் காகித ரசீது வாங்க வேண்டும். செவ்வாய்க்கிழமை, கூட்டம் இல்லாத மதியம் இரண்டரைக்கு மேல்தான் போக வேண்டும். மற்ற நாளில் அந்தக் கடைகளின் வாசலைக்கூட மிதிக்கக் கூடாது, முகம் பழகிவிடுமாம். வாங்கியதை இரண்டு தெரு தள்ளி நிற்கும் என் காருக்கு எடுத்து வந்து, பின் சீட்டில் துண்டை விரித்து, சின்னத் தராசில் ஒவ்வொரு டப்பாவாக வைத்து எடை எழுதுவேன். கோழி பவுல் என்றால் மொத்தம் நானூற்று முப்பது கிராம், நானூற்று எண்பது கலோரி. ஐந்து கிராம் இப்படி அப்படி இருக்கலாம். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அந்த ஐந்து கிராம் தாண்டியதில்லை. இப்படியும் ஒரு நாணயமான கடையா என்று நானே வியந்து அறிக்கையில் இரண்டு வரி பாராட்டி எழுதியிருக்கிறேன்.

இந்த நாணயத்தை நம்பித்தான் என் வீட்டுக்காரரை அங்கே சாப்பிட அனுப்பினேன்.

அவருடைய அக்காவுக்கு, அதாவது நான் அண்ணி என்று கூப்பிடுகிற என் நாத்தனாருக்கு, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி குத்துகிற கை ரத்தக்குழாய் இரண்டு முறை அடைத்துக்கொண்டது. இந்தக் கையை வைத்து இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம், அதற்குமேல் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே இவர், “என்னோடதை எடுத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், அண்ணி எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் தன் படிப்பை நிறுத்திவிட்டு இவரைப் படிக்க வைத்ததை நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

பரிசோதனையெல்லாம் பொருந்தியது. எடை மட்டும்தான் இடித்தது. தொண்ணூற்றிரண்டு கிலோ இருந்தார். எண்பத்தைந்துக்கு வந்தால்தான் கத்தி வைப்போம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பதினான்கு வாரம் கெடு. இது என் துறை இல்லையா, நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். காலையும் இரவும் என் தராசில் அளந்து நானே தருவது. மதியத்துக்கு அவருடைய அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிற கிளையில் கோழி பவுல். நானூற்று எண்பது. நானே கையெழுத்துப் போட்ட நானூற்று எண்பது.

முதல் வாரம் ஒரு கிலோ இறங்கியது. மூன்றாவது வாரம் இன்னொன்று. அதோடு சரி. முள் தொண்ணூறில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. பத்தாவது வாரமும் தொண்ணூறு.

“என்னங்க, உண்மையைச் சொல்லுங்க. நடுவுல என்ன சாப்பிடுறீங்க?”

“ஒண்ணும் சாப்பிடலம்மா.”

“ஒண்ணும் சாப்பிடாம எப்படி நிக்கும்? காத்தைக் குடிச்சா ஏறுது?”

“நீ குடுக்கிறதும் அந்த பவுலும்தான். அதுவே வயிறு நிறைஞ்சுடுது.”

“நிறையும். பயறு இருக்குல்ல, அதான்” என்றேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. நானூற்று முப்பது கிராமில் அந்த ஆளுக்கு வயிறு நிறையுமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும்.

யோசிக்காமல் துப்பறிந்தேன். சட்டைப் பையில் கையை விட்டேன். பையைக் கவிழ்த்தேன். வந்தவுடன் பக்கத்தில் போய் எண்ணெய் வாசனை வருகிறதா என்று மோந்து பார்த்தேன், அவர் அதை ஆசை என்று நினைத்துச் சிரித்தார். ஒரு நாள் பேன்ட் பையில் மிட்டாய்க் காகிதம் அகப்பட்டது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று குதித்தேன். ஆபீஸில் யாரோ மிட்டாய் கொடுத்தார்களாம், இவர் பக்கத்து மேசைக்காரருக்குக் கொடுத்துவிட்டாராம், அவர் தின்றுவிட்டுக் காகிதத்தைத் தரையில் போட்டாராம், குப்பை கிடக்கிறதே என்று இவர் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாராம். இந்தக் கதையைக் குழந்தைகூட நம்பாது என்றேன். அவர் முகம் சுருங்கிப் போனது. அதற்கப்புறம் அவர் என் முன்னால் தண்ணீர் குடிக்கக்கூடத் தயங்கினார்.

எனக்குள் வேறு ஒரு எண்ணம் முளைத்துவிட்டது. இந்த மனுஷனுக்குக் கொடுக்க மனசில்லை. அவசரத்தில் சொல்லிவிட்டார், இப்போது பயம், அக்கா முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அதனால்தான் ஒளித்துச் சாப்பிட்டு எடையைப் பிடித்து வைக்கிறார். கோர்த்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தியது. பொருந்துகிற கதை உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பது என் தொழில்புத்தி.

ஆஸ்பத்திரியில் தானம் கொடுப்பவர்களுக்கென்றே ஒரு நர்ஸ் உண்டு. அவருக்குப் போன் செய்தேன்.

“சிஸ்டர், நான் சொன்னதா அவருக்குத் தெரிய வேண்டாம். அவர் ஒளிச்சு சாப்பிடுறார். எனக்கு நல்லாத் தெரியும், அளவு பார்க்கிறதுதான் என் தொழில். அவருக்கு இஷ்டமில்லன்னு நினைக்கிறேன். அக்காகிட்ட சொல்ல தைரியம் இல்ல.”

அந்தப் பக்கம் குரல் சட்டென்று மென்மையானது. “நீங்க சொன்னது நல்லதாப் போச்சும்மா. நாங்க பார்த்துக்கிறோம்.”

பதினோராவது நாள் கடிதம் வந்தது. மருத்துவக் காரணங்களால் உங்களைக் கொடையாளராக ஏற்க இயலவில்லை என்று மூன்றே வரி. அவர் அதை நின்றுகொண்டே படித்தார், உட்கார்ந்து படித்தார், எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படித்தார். அண்ணி போனில், “விடுடா, உன் உடம்பு நல்லா இருந்தா அதுவே போதும்” என்று இவருக்குச் சமாதானம் சொன்னார். அண்ணியின் பெயர் பொதுவான காத்திருப்புப் பட்டியலுக்குப் போயிற்று. அங்கே சராசரியாக நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். அண்ணியின் கைக்கு ஒரு வருடம்தான் என்று சொல்லியிருந்தார்கள்.

போனை வைத்த அவரிடம் நான் சொன்னதை எழுதவே கூசுகிறது. “இப்ப நிம்மதியா இருக்குமே” என்றேன். அவர் என்னைப் பார்த்தார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் அவர் ஆபீஸிலிருந்து வந்து ஒரு காகிதப் பையைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். மதியம் வாங்கிய பவுல். சாப்பிடப் பிடிக்கவில்லையாம், அப்படியே கொண்டு வந்துவிட்டார். ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்று அதைத் தூக்கினேன்.

என் கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருடமாக அதே கிண்ணங்களைத் தூக்கியிருக்கிற கை இது. தராசில் வைக்கும் முன்பே நானூற்று முப்பதா நானூற்று நாற்பதா என்று சொல்லிவிடும். இது அந்த எடை இல்லை. தராசை எடுத்தேன், மேசையில் வைத்தேன், கிண்ணத்தை ஏற்றினேன். அறுநூற்றுத் தொண்ணூறு.

தராசுதான் கெட்டுவிட்டது என்று நினைத்து அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தேன். ஐந்நூற்று இரண்டு. பையோடு சேர்த்துச் சரிதான். பவுலைத் திறந்தேன். கோழித்துண்டுகளைப் பொறுக்கி எடுத்து நிறுத்தேன், நூறு இருக்க வேண்டிய இடத்தில் நூற்றைம்பது. சோற்றின் அடிவரை சாஸ் ஊறிக் கிடந்தது. விரலை வைத்தால் எண்ணெய் பிசுபிசுத்தது. எவ்வளவு இழுத்துப் பிடித்துக் கணக்குப் போட்டாலும் எண்ணூற்றைம்பது கலோரிக்குக் கீழே வரவில்லை. ஒரு நாளைக்கு முந்நூற்றெழுபது அதிகம், வாரத்துக்கு ஐந்து நாள், பன்னிரண்டு வாரத்துக்கு மேல். இறங்காமல் நின்ற கிலோக்கள் அத்தனையும் அந்தக் கிண்ணத்துக்குள் இருந்தன.

குளித்துவிட்டு வந்தவர், “என்ன, அதையும் சோதனை போடுறியா” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அப்போதும் நான் அவரிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. ஒரு பவுலில் கை தவறியிருக்கலாம், நாளை நேரில் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். அவரைச் சந்தேகப்பட ஒரு மிட்டாய்க் காகிதம் போதுமாக இருந்தது. என்னைச் சந்தேகப்பட மட்டும் இன்னொரு சாட்சி வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரைக்கு அவர் ஆபீஸுக்குக் கீழே இருக்கிற கிளைக்குப் போனேன். ஆறு வருடத்தில் முதல் தடவையாகச் செவ்வாய் அல்லாத ஒரு நாள். வரிசை வாசல்வரை நின்றது. நின்று பார்த்தேன். கரண்டி ஒவ்வொன்றும் மலை மாதிரி குவிந்து வந்தது. சாஸ் இரண்டு கரண்டி, யாராவது கிண்ணத்தை எட்டிப் பார்த்தால் மூன்று. அத்தனைக்கும் மேலே பலகையில் நானூற்று எண்பது, அதன் கீழே என் பச்சை முத்திரை.

என் முறை வந்தது. தடுப்புக்குப் பின்னால் நின்றவள் என் வயசுக்காரி, ஆவிபட்டுப் புகைந்த பெரிய கண்ணாடி போட்டவள். நிமிர்ந்தாள், என்னைப் பார்த்தாள், கையிலிருந்த கரண்டியை அப்படியே சட்டியில் விட்டாள். அவள் கை தானாகச் சுவரில் இருந்த கொக்கிக்குப் போயிற்று. அங்கே பிடியில் வெள்ளை டேப் சுற்றிய ஒரு சின்னக் கரண்டி தொங்கியது.

“அக்கா, இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சே” என்றாள்.



“என்னைத் தெரியுமா?”

“தெரியாம என்ன? டப்பா அக்கா.”

பக்கத்தில் பயறு போட்டுக்கொண்டிருந்தவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தான். அவள் அவனிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்தபடி என்னைச் சுவரோரத்து மேசைக்குக் கூட்டிப்போனாள். கோபமாக இருப்பேன் என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு கிளாஸ் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள்.

“எத்தனை நாளா?” என்று கேட்டேன்.

“நான் சேர்ந்து நாலு வருஷம்கா. எனக்கு முன்னாடி இருந்தவங்க சொல்லிக் குடுத்துட்டுப் போனாங்க. செவ்வாய்க்கிழமை ரெண்டரை மணிக்கு வந்து, சோறு தனி, சாஸ் தனின்னு அஞ்சு டப்பா கேட்டு, பேப்பர் பில்லும் கேட்டு வாங்குறவங்க உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்.”

“மத்த கிளையில?”

“எல்லா கிளைக்கும் சேர்த்து ஒரு குரூப் இருக்குக்கா. நீங்க வர்ற வாரம் ‘டப்பா அக்கா கிளம்பிட்டாங்க’ன்னு மெசேஜ் வந்துடும். உங்க கரண்டியைக் கழுவி மாட்டிடுவோம்.”

“அப்ப மத்த ஜனங்களுக்கு?”

“உங்க கரண்டியால போட்டா பவுல் முக்கால்கூட வராதுக்கா. காசு குடுக்கிறவங்க சண்டைக்கு வருவாங்க. நல்லா நிறையப் போடுங்கன்னு மேலேருந்து சொல்லிட்டாங்க. பலகையை மட்டும் மாத்த மாட்டேங்கிறாங்க.”

அவளே தொடர்ந்தாள். “உங்களை ஏமாத்தணும்னு இல்லக்கா. நீங்க கண்ணைச் சுருக்கிட்டு அப்படி நிப்பீங்க. அளவு தப்பிப் போச்சுன்னா உங்க வேலைக்கு எதுவும் வந்துடக் கூடாதேன்னு நாங்க பயந்து பயந்து கிராம் கிராமா பார்த்துப் போடுவோம்.”

எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. எனக்காகப் பயந்திருக்கிறார்கள். மனசார, ஆறு வருடமாக, பதினான்கு கிளையிலும். கோபப்படவும் எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

“இந்தக் கட்டடத்துல மேல வேலை செய்றவங்க தினமும் சாப்பிட வர்றாங்களா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“மூணாவது மாடியிலேருந்து ஒரு சார் வருவார்கா. பாவம், தினமும் ஒரே பவுல். கிண்ணத்தைக் கையில வாங்கிட்டு, ‘இது நானூத்தி எண்பதுதானே’ன்னு தினமும் கேட்பார். ‘பலகையில போட்டிருக்கே சார், சரி பார்த்துத்தான் முத்திரை குத்தியிருக்காங்க’ன்னு நாங்க சொல்வோம். சரிம்மான்னு போயிடுவார்.”

தினமும் கேட்டிருக்கிறார். யாரையோ ஏமாற்றத் திட்டம் போட்டவர் தினமும் நின்று கேட்பாரா? நான் வீட்டில் அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்த நாட்களில் அந்த மனுஷன் இங்கே நின்று என் முத்திரையிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

காரில் உட்கார்ந்து தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். என்னை எல்லாக் கிளையிலும் அடையாளம் தெரியும், ஆறு வருட அறிக்கையும் செல்லாது, பலகையில் உள்ள அளவு பொய், முத்திரையை உடனே எடுங்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் பதில் வந்துவிட்டது. தகவலுக்கு நன்றி, உங்கள் முகம் பழகிவிட்டதால் அடுத்த மாதம் முதல் வேறொருவரை அனுப்புகிறோம், கையேட்டையும் மீதமுள்ள டப்பாக்களையும் திருப்பி அனுப்பவும். முத்திரையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அதைப் படித்தபோது என்னிடம் கோபம் மிச்சம் இருக்கவில்லை. எல்லாவற்றையும் என் மேலேயே செலவழித்திருந்தேன்.

நர்ஸின் அறை சின்னது. மேசையில் பிளாஸ்டிக் சிறுநீரகம் ஒன்று, பக்கத்தில் கண் துடைக்கக் காகிதப் பெட்டி. நான் உட்காரும் முன்பே கொட்டித் தீர்த்தேன். பவுல், கரண்டி, டேப், அறுநூற்றுத் தொண்ணூறு எல்லாம். “அவர் ஒளிச்சு சாப்பிடல சிஸ்டர். நான் சொன்னது பொய். நான் தெரிஞ்சு பொய் சொல்லல, ஆனா பொய். எடைதானே காரணம், இன்னும் ரெண்டு மாசம் குடுங்க, நான் இறக்கிக் காட்டுறேன்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

“எடையால நிறுத்தினா எடைன்னே எழுதுவோம்மா” என்றார்.

“கடிதத்துல மருத்துவக் காரணம்னு இருக்கே.”

“உங்க வீட்டுக்காரர் ஃபைல்ல என்ன இருக்குன்னு நான் உங்ககிட்ட சொல்லக் கூடாது. பொதுவா இங்க என்ன வழக்கம்னு மட்டும் சொல்றேன். சில பேருக்குக் குடுக்க மனசு இருக்காது, வீட்டுக்குப் பயந்து வருவாங்க. அவங்களைச் சொந்தக்காரங்ககிட்ட காட்டிக் குடுக்க மாட்டோம். உடம்பு ஒத்துவரலன்னு எழுதி அனுப்பிடுவோம். யாருக்கும் தெரியாது. அவங்க மரியாதை போகாது.”

பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. அவருடைய உடம்பில் ஒரு குறையும் இல்லை. எடையைக்கூட அவர்கள் பொருட்படுத்தவில்லை. நான் போனில் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக, அவருடைய மரியாதையைக் காப்பாற்றுவதாக நினைத்து, அண்ணியின் வாசலை மூடியிருக்கிறார்கள்.

“சிஸ்டர், திறக்க முடியுமா?”

“அவர் வந்து கேட்கணும். அவரா வந்து, அவர் வாயால. நீங்க இல்ல. சோதனையெல்லாம் முதல்லேருந்து, ரெண்டு மூணு மாசம் ஆகும்.” எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டவர், ஒரு நிமிஷம் நின்றார். “அவரைப் பேச விடுங்கம்மா” என்றார்.

நான் வீட்டுக்கு வந்தபோது ஆறரை மணி. அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து என் தராசைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நேற்று நான் கழுவாமல் விட்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டியைச் சொன்னேன். நர்ஸுக்குப் போன் செய்தது நான்தான் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, தராசையே பார்த்தேன்.

“தெரியும்” என்றார். “கூப்பிட்டு உட்கார வச்சு, கதவைச் சாத்திட்டுக் கேட்டாங்க. ஒளிச்சு எதுவும் சாப்பிடுறீங்களா, பயமா இருக்கா, யாருக்கும் சொல்ல மாட்டோம்னு. உன் பேரை அவங்க சொல்லல. வேற யாரு சொல்லியிருக்கப் போறா?”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“தெரியலன்னு சொன்னேன்.”

“தெரியலன்னா? சாப்பிடலன்னு சொல்ல வேண்டியதுதானே.”

அவர் துணியை மடித்தார். மறுபடி பிரித்து மடித்தார். “நீ கிராம் கணக்கா பார்க்கிறவ. கடையில கேட்டா சரின்னுட்டாங்க, பலகையில எழுதியிருக்கு, வீட்டுல நீ அளந்து போடுற. எல்லா அளவும் சரியா இருக்கு, நான் மட்டும்தான் இறங்கல. அப்ப தப்பு எங்க இருக்கும்? தூக்கத்துல எந்திரிச்சு நானே சாப்பிடுறேனோன்னு தோணிச்சு. அப்படி ஒரு வியாதி இருக்காமே. ஒரு வாரம் ஃபிரிட்ஜ் கைப்பிடியில நூல் கட்டிட்டுப் படுத்தேன்.”

“நூலா?”

“காலையில பார்த்தா தினமும் அறுந்திருந்துச்சு.”

விடியற்காலையில் எழுந்து பால் எடுக்கிறவள் நான்தான். அரைத் தூக்கத்தில் கதவை இழுக்கிறவளுக்கு நூல் எங்கே தெரியும்? அதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். ஐம்பத்தொரு வயது மனுஷனின் முகம் அப்படிச் சிறுபிள்ளை முகமாகிப் போகும் என்று நான் கண்டதில்லை.

“அப்ப நான் சாப்பிடலையா?” என்று கேட்டார்.

“இல்லங்க” என்றேன். “நீங்க சாப்பிடல.”

அப்போதுதான் அவர் அழுதார். தோள் குலுங்கியது, சத்தம் இல்லை. நான் கை நீட்டினேன். அவர் அதைப் பிடிக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

மேசையில் இருந்த போன் அடித்தது. அண்ணி. டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்பும் நாளில் ஏழு மணிக்குக் கூப்பிடுவார். அவர் எடுத்தார். ஸ்பீக்கரில் இருந்தது.

“சாப்பிட்டியாடா?” என்றார் அண்ணி, எப்போதும் கேட்கிற மாதிரி. குரல் களைத்திருந்தது.

“அக்கா” என்றார். “நான் ஒளிச்சு எதுவும் சாப்பிடலக்கா. ஒரு நாள்கூட. எனக்குக் குடுக்க மனசு இருக்குக்கா. நாளைக்குக் காலையில போய்ச் சொல்லப் போறேன்.”

அண்ணியின் குரல் நிமிர்ந்தது.

“நீ சாப்பிட்டேன்னு யாருடா சொன்னா?”

அவர் என்னைப் பார்த்தார். என் பெயரைச் சொல்லியிருந்தால் அவர் பக்கம் நியாயம் இருந்தது.

“யாரும் சொல்லலக்கா” என்றார்.

நான் எழுந்து போய்ப் போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

“நான்தான் சொன்னேன், அண்ணி.”